பொருந்தி உட்கார்ந்தவன்

சைக்கிள் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், ஐயா. அதில் ஒன்றும் தப்பில்லை. கண்ணுக்குப் பிடித்ததைத்தானே மனசு கேட்கும். ஆனால் என் கடையில் நான் யாரையும் நிறம் பார்க்க விடுவதில்லை. ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. குருசாமி சைக்கிள் கடை என்றால் தளவாய்புரம் வரைக்கும் வழி சொல்வார்கள். வருகிறவரை முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நிற்கச் சொல்வேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போனவர்கள் வேறு கடையில் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே திரும்பி வந்ததும் உண்டு.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்பது இதுதான். தவசிமுத்து கண்மாய்க்கரையில் இறந்துபோனதைப் பற்றிச் சொல்வதென்றால், சைக்கிள் ஒரு ஆளுக்குப் பொருந்துவது என்றால் என்ன என்று உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

சட்டை பெரிதாக இருந்தால் தையல்காரர் பிடித்துக் கொடுப்பார். ஃப்ரேம் பெரிதென்றால் பெரிதுதான், அதைப் பிடிக்க முடியாது. இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்றால் குறுக்குக் கம்பிக்கும் கவட்டைக்கும் நடுவில் மூன்று விரல் போக வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்துக் கையை நீட்டினால் நடுவிரல் நுனி ஹேண்டில் கம்பியைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் அந்த ஆள் சைக்கிளை ஓட்டவில்லை, சைக்கிளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். சாதா சைக்கிளில் இதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் காலம் ஓடிவிடும். பந்தய சைக்கிளில் ஓடாது. அதில் உடம்பு குனிந்தே இருக்கும். சிறு பிசகும் உடம்பில் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும்.

பொங்கலை ஒட்டி மில்காரர்கள் நடத்தும் சைக்கிள் பந்தயம் உங்களுக்குத் தெரியும். பந்தயக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான்தான் சைக்கிள் பார்த்துக் கொடுத்தேன். நானும் ஓட்டியிருக்கிறேன். நாலாவதாக வருவேன், ஐந்தாவதாக வருவேன். கைதட்டிக் களைத்துப்போன பிறகு வருகிற இடம் அது.

தொண்ணூறாம் வருஷம் மெட்ராஸுக்குச் சாமான் எடுக்கப் போனபோது ஒரு பழைய சைக்கிளைப் பார்த்தேன். வெளிநாட்டில் செய்த பந்தய சைக்கிள். மாந்தளிர் நிறம். ஹேண்டில் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் கீழே வளைந்திருக்கும். ஒற்றை விரலில் தூக்கலாம். பக்கத்தில் நின்றவுடனே தெரிந்தது, எனக்கு அது பெரிது. என் கால் குட்டை, கையும் குட்டை. வேறு யாராவது அதை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தால், வைத்துவிட்டுப் போங்கள் என்றிருப்பேன். ஆனாலும் வாங்கினேன். ஊரில் எல்லோருக்கும் அளவு பார்த்துக் கொடுக்கிறவன் தனக்கு என்று வரும்போது நிறத்தைப் பார்த்து வாங்கினான்.

ராஜபாளையத்தில் ஓட்ட வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்புச் சாலையில் போவேன். அந்தப் பக்கம் என்னை யாருக்கும் தெரியாது. சீட்டை முழுக்க இறக்கினாலும் ஹேண்டில் எட்டாது. எட்டிப் பிடிக்கும்போது உடம்பின் கனம் முழுவதும் உள்ளங்கைக்கு வந்துவிடும். உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் முதலில் சுண்டு விரல் மரத்துப்போகும், பிறகு மோதிர விரல். அதற்கப்புறம் கை உங்களுடையது மாதிரியே இருக்காது.

அந்தச் சாலையில் ஒரு கண்மாய் இருக்கிறது. சாலை கொஞ்ச தூரம் கரை மேலேயே போய், மடைக்குப் பக்கத்தில் சடாரென்று இறங்கி வளையும். எதிரே வருவது மடைச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஒருநாள் அந்த இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்க நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். விரல் மடங்கவில்லை. வளைவில் திரும்பாமல் நேரே வயலுக்குள் போய்ச் சேற்றில் விழுந்தேன். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏலே, நீ சைக்கிள ஓட்டுதியா, சைக்கிளு ஒன்ன ஓட்டுதா?" என்று ஒருத்தி கேட்டாள். அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றோடு அந்தச் சைக்கிளைக் கடை உத்தரத்தில் கொக்கி போட்டு மாட்டிவிட்டேன்.

தவசிமுத்து அதன் பிறகு வந்தவன். மகாராஜபுரம் பக்கத்துக் கிராமங்களில் பால் எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா போடுகிறவர்களுக்குக் கொண்டுவந்து கொடுக்கிற பையன். பையன் என்ன, இருபத்திநாலு இருபத்தைந்து இருக்கும். சைக்கிளில் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு பஸ்ஸை முந்துகிறான் என்று யாரோ சொல்லி, பந்தயத்துக்குச் சைக்கிள் பார்க்க என்னிடம் அனுப்பியிருந்தார்கள். ஆள் நெடு நெடுவென்று இருந்தான். சுவரோரம் நிற்கச் சொல்வதற்கு முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அவனை அளந்துகொண்டிருக்கும்போதே அண்ணாந்து பார்த்து, "அண்ணாச்சி, அது என்ன சைக்கிளு?" என்றான்.

இறக்கிக் கொடுத்தேன். அவன் ஏறி உட்கார்ந்தான். சீட்டைக் கொஞ்சம் ஏற்றினேன். வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. முழங்கையைச் சீட்டு மூக்கில் வைத்தான், நடுவிரல் கம்பியைத் தொட்டது. என் சர்வீஸில் அப்படிப் பொருந்தியதை நான் பார்த்ததே இல்லை. என்னை மறந்து சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி வேலுத்தாய் சாப்பாட்டுத் தூக்குவாளியோடு வந்தாள். வாசலிலேயே நின்று பார்த்தாள். "இப்பத்தான் அந்தச் சைக்கிளு சைக்கிளாட்டம் இருக்கு" என்றாள்.

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். அன்று நான் சாப்பிடவில்லை.

சைக்கிளை அவனுக்கே கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருந்தால் தொழிலுக்குச் செய்த துரோகமாகியிருக்கும். அந்தப் பொங்கலுக்கே அவன் முதலாவதாக வந்தான். இரண்டாவதாக வந்தவன் கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தான். பரிசு, ஆளுயரத்தில் பாதி வருகிற பித்தளைக் குத்துவிளக்கு. அவன் சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையன். அதை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"எங்க வீட்ல இத வச்சு என்ன செய்ய, மதினி? நீங்க ஏத்துங்க. அண்ணாச்சி சைக்கிளுதான ஜெயிச்சிருக்கு" என்றான்.

வேலுத்தாய் அதைப் புளி போட்டு விளக்கி, வெள்ளிக்கிழமை தோறும் ஏற்றினாள். நான் இத்தனை வருஷம் பந்தயம் ஓட்டி அவளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட ஜெயித்துக் கொண்டுவந்ததில்லை. அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர்களுக்குள் எதுவும் இருந்ததா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். எதுவும் இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் நான் பார்த்தேன். பாதி வேலையில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் ஓரம் நின்று கேட்டிருக்கிறேன். அவன் தன் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிக்கொண்டிருப்பான், இவள் பாகற்காய் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஏதாவது இருந்திருந்தால் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம், மன்னித்திருக்கலாம். ஒன்றும் இல்லாததை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்.

பொறாமைதான், ஐயா. அதற்கு வேறு பெயர் வைக்க நான் வரவில்லை. அவன் எங்கே உட்கார்ந்தாலும் பொருந்திவிட்டான். கடை பெஞ்சில் உட்கார்ந்தால் டீக்கடைக்காரர் கேட்காமலே அவனுக்கும் சேர்த்து டீ அனுப்பினார். என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தால் அந்த இடம் அவனுக்காகவே விட்டுவைத்த இடம் மாதிரி இருந்தது. வேலுத்தாய் கதவு அதிரச் சிரிப்பாள் என்று எனக்கு அவன் வந்த பிறகுதான் தெரியும். எனக்கு எட்டாத ஒன்றில் அவன் கஷ்டமே படாமல் ஏறி உட்கார்ந்திருந்தான். கஷ்டப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவன் மாதம் ஒரு தடவை எண்ணெய் விடச் சைக்கிளைக் கொண்டுவருவான். நான் சீட்டை ஒரு நூல் ஏற்றி விட்டேன். ஒரு நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அடுத்த மாதம் இன்னொரு நூல். அவன் கவனிக்கவில்லை. உடம்பு கவனித்தது. முழங்காலின் பின்பக்கம் வலிக்கிறது என்றான். பால் கேன் தூக்குவதால் இருக்கும் என்றேன். கேனைத் தூக்க ஒரு ஆளை வைத்துக்கொள் என்று புத்திமதியும் சொன்னேன். அப்போது என் மனதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் மூன்றாவதாக வரட்டும், நாலாவதாக வரட்டும், அந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆடிப்பூரம் சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு பந்தயம் வைத்தார்கள். வலிக்கிற காலோடு ஓட்டி அதிலும் அவன் முதலாவதாக வந்தான். இறங்க முடியாமல் இறங்கி நொண்டினான். கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ரத வீதியில் போயிற்று. சும்மா ஜெயித்திருந்தால் கைதட்டோடு போயிருக்கும். வலியோடு ஜெயித்ததால் தலையில் தூக்கி வைத்தார்கள். அதற்கு நான்தான் காரணம் என்று எனக்கு மட்டும் தெரியும். வேலுத்தாய் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னா நெஞ்சழுத்தம் அந்தத் தம்பிக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கால் தப்பான இடம். அவனிடம் கால் பலம் வேண்டிய மட்டும் இருந்தது.

சீட்டைப் பழையபடி இறக்கிக் கொடுத்தேன். வலி போய்விட்டது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

பந்தயக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பந்தயத்துக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை சைக்கிளுக்குப் பூஜை போடுவார்கள். சந்தனம் தெளித்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவார்கள். அதற்குப் பிறகு பந்தயம் முடியும்வரை அந்தச் சைக்கிளில் ஸ்பேனர் படக் கூடாது. காற்று அடிக்கலாம், சங்கிலிக்கு எண்ணெய் விடலாம், எந்த நட்டையும் திருகக் கூடாது. திருகினால் ஓட்டம் போய்விடும் என்று நம்பிக்கை. பஞ்சரானால்கூட சக்கரத்தைக் கழற்றாமல் அப்படியே டயரைப் பிதுக்கி ஒட்டுவார்கள். சர்ச்சுக்குப் போகிறவனுக்கு எலுமிச்சம்பழம் எதற்கு என்று யாரோ தவசிமுத்துவைக் கேலி செய்தார்கள். "நாந்தான் சர்ச்சுக்குப் போறேன். சைக்கிளு போவலயே" என்றான். அவனுக்கு எலுமிச்சம்பழத்தில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, என் மேல் இருந்தது.

இந்த வருஷப் பூஜைக்கு முதல் நாள் சைக்கிளை என்னிடம் விட்டுப் போனான். நான் மூன்று காரியம் செய்தேன். ஹேண்டிலைத் தாங்குகிற கழுத்தைக் கழற்றிவிட்டு, நீளமான வேறொன்று போட்டேன். சீட்டின் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்தேன், உட்கார்ந்தவன் தன்னை அறியாமல் முன்னால் வழுக்கிக் கைகளில் தாங்கிக்கொள்ளும்படி. பிரேக் லீவர்களை ஹேண்டில் வளைவில் சற்றுக் கீழே தள்ளி முடுக்கினேன், விரலை முழுக்க நீட்டினால்தான் எட்டும்படி.

நீங்கள் நினைக்கிற மாதிரி பிரேக் கம்பியை அறுக்கவில்லை. அதை எந்த மடையனும் செய்வான். நான் போட்டிருந்த பிரேக் புதிது, கட்டைகள் புதியவை, ஒற்றை விரலால் தொட்டால் சக்கரம் நின்றுவிடும். அந்த ஒற்றை விரல் வேண்டும், அவ்வளவுதான். மெட்ராஸிலிருந்து வந்த அந்தச் சைக்கிள் எனக்கு எப்படி இருந்ததோ, அதே மாதிரி அவனுக்கும் ஆக்கிக் கொடுத்தேன். அவன் உடம்புக்குத் தகுந்தபடி கணக்குப் பார்த்து, எனக்கு எவ்வளவு எட்டாமல் இருந்ததோ அவ்வளவு எட்டாமல். அதைவிட நுணுக்கமான வேலை நான் செய்ததில்லை.

பூஜை போட்ட அன்றே ஓட்டிப் பார்த்துவிட்டு, "கை ரொம்ப நீளுதே அண்ணாச்சி" என்றான். காற்றைக் கிழித்துப் போகும், பழகிவிடும் என்றேன். தலையாட்டினான். இரண்டாம் நாள் சுண்டு விரல் மரத்துப்போகிறது என்றான். பிறகு, பால் கேன் மூடியைத் திருக முடியவில்லை என்றான். ஒரு மத்தியானம் நான் வீட்டுக்குப் போனபோது அவன் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். வேலுத்தாய் உப்பை வறுத்துத் துணியில் கட்டி அவன் உள்ளங்கைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்குக் கையே வெளங்கலயாம். செத்த அந்த ஹேண்டில என்னன்னு பாருங்களேன்" என்றாள்.

"பூஜை போட்டாச்சே" என்றேன்.

அவள் யோசித்தாள். "ஆமா, ஸ்பேனர் படப்படாது. பந்தயம் முடியட்டும் தம்பி, பொறவு பாத்துக்கிடலாம்" என்றாள். அவனும் சரி மதினி என்றான். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நான் மட்டும் எடுத்ததில்லை. ஆனால் அவன் கை அவள் கைக்குள் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தயக்கமும் போய்விட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலை, பால் கொடுத்து முடித்த பிறகு, கடைசி ஓட்டம் பார்க்கப் போனோம். இந்த வருஷப் பாதை வத்திராயிருப்பு வரை போய்த் திரும்புவது. அதனால் அந்தச் சாலைக்குக் கூட்டிப் போனதில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவன் சைக்கிளில் முன்னால் போனான், நான் மொபெட்டில் பின்னால் போனேன். கண்மாய்க்கரை மேலே ஏறியதும் அவன் நின்றான். இரண்டு கைகளையும் விரித்து விரித்து மூடிப் பார்த்தான். பாதிதான் மூடின.

"வெரலே இல்லாத மாதிரி இருக்கு அண்ணாச்சி. செத்த நேரம் நின்னுட்டுப் போவமா?" என்றான்.

கண்மாய்க்கு அந்தப் பக்கம், பனைகளுக்கு நடுவில், வத்திராயிருப்பிலிருந்து வருகிற பஸ்ஸின் புழுதி தெரிந்தது. கரை மேலே நின்றால் அது தெரியும். கீழே இறங்கிவிட்டால் மடைச் சுவர் மறைத்துவிடும். அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு நடு ரோட்டுல நின்னு கைய ஆத்துவியா?" என்றேன். "எறங்கு. மிதிச்சு எறங்கு. நான் நேரம் பாக்கேன்."

அவன் சிரித்தான். வெட்கப்பட்ட சிரிப்பு. பிறகு மிதித்து இறங்கினான்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட நேரம் இருந்தது. அவன் முதுகு மாந்தளிர்ச் சைக்கிள் மேலே படிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிலையிலும், அவ்வளவு தப்பாக முடுக்கிய சைக்கிளிலும், அவன் பார்க்க அழகாக இருந்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. வளைவுக்கு முன்னால் அவன் முழங்கை இரண்டு தடவை அசைந்தது. லீவரைத் தேடியிருக்கிறான். வயல் பக்கம் போயிருந்தால் என்னைப் போலச் சேற்றில் விழுந்து எழுந்திருப்பான். அவன் என்னைவிட நல்ல ஓட்டக்காரன். வளைவை விடாமல் திருப்பிவிட்டான். பஸ் அங்கே இருந்தது.

ஓட்டுநர் மைதீன் பிச்சை இறங்கி வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு நான் உங்கள் ஏட்டிடம், பையன் வேகமாக வந்தான், பஸ்ஸும் வேகமாக வந்தது என்று சொன்னேன். அவரைப் பிடித்து வைத்தீர்கள். பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள். கடைகளை அடைத்தார்கள். சர்ச் மைதானம் கொள்ளாத கூட்டம். அவன் அங்கேயும் எல்லோரையும் கூட்டிவிட்டான்.

அதன் பிறகுதான் எனக்குக் கெட்ட காலம் தொடங்கியது. பந்தயக் கமிட்டியார் மதுரையிலிருந்து ஒரு பழைய பந்தயக்காரரை வரவழைத்து நசுங்கிப்போன சைக்கிளைக் காட்டினார்கள். அவர் ஹேண்டிலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கையை வைத்து நீட்டிப் பார்த்தார். "இத முடுக்கினவனுக்குத் தொழில் தெரியல. பெரிய ஃப்ரேமுக்கு இவ்வளவு நீளக் கழுத்து யாராவது போடுவானா? அறியாத்தனம்" என்றார். நாலு பேருக்கு முன்னால் சொன்னார். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

மறு வாரமே தெரிந்துவிட்டது. சைக்கிள் பார்க்க வருகிறவர்கள் என் கடை வாசலைத் தாண்டி சுப்புராஜ் கடைக்குப் போனார்கள். சுப்புராஜுக்கு இருபத்திரண்டு அங்குலத்துக்கும் இருபத்திநாலுக்கும் வித்தியாசம் தெரியாது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தினார். தவசிமுத்துவின் அம்மா பரிபூரணம் அம்மாளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வேலுத்தாய் கூட்டிப் போனாள். அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒம் மேல எனக்கு வருத்தமில்லய்யா. நீ அவன் மேல உசுரா இருந்த. ஒனக்குத் தெரியாம நடந்துபோச்சு" என்றார்கள்.

வேலுத்தாய் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு முதல் சோறு, முதல் குழம்பு. இரவில் நான் புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "பாவம் இவிய. நல்லது செய்யிறதா நெனச்சு, தெரியாமப் பண்ணிட்டாவ. அம்புட்டுத்தான் அவியளுக்குத் தெரிஞ்சது" என்று அவள் சொல்வதை என் காதால் கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பிரியமாக இருந்ததில்லை. ஒன்றும் தெரியாத ஒருவனிடம் காட்டுகிற பிரியம் அது.

ஆகவே வந்தேன். ஒரு நிரபராதி என்னால் கஷ்டப்படக் கூடாது என்று மனசாட்சி உறுத்தியது. மைதீன் பிச்சைக்கு மனைவி இருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்காகத்தான் இந்த வாக்குமூலம்.

அவர் மேல் தப்பில்லை என்று முடித்து, அவரை விட்டு நாளாகிறது என்கிறீர்கள். தெரியும், ஐயா. இன்று காலை அவர் ஓட்டி வந்த பஸ்ஸில்தான் ராஜபாளையத்தில் ஏறினேன். அவருக்குப் பின்னால் முதல் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தேன். என்னை அடையாளம் தெரிந்து, இறங்கும்போது கையை உயர்த்தினார்.

பிறகு எதற்கு வந்தாய் என்று கேட்பீர்கள். நான் சொன்னதில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடுங்கள், கழுத்தின் நீளத்தையும் சீட்டின் சாய்வையும் மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மதுரைக்காரரை மறுபடி கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். ஒரு நூல்கூடத் தவறியிருக்காது. வேலுத்தாயை நீங்கள் விசாரிக்கப் போவீர்கள் அல்லவா. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், முதுகைத் தடவிக் கொடுப்பாள். நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் புருஷனுக்குத் தொழில் தெரியும் என்று.